சாமானியன்

"அவர் சாமானியப்பட்ட ஆள் இல்லை" என்று ஒருவரைப் புகழ்கிறோம். "சாமானியனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்று இன்னொருவருக்காக வருந்துகிறோம். இரண்டு இடத்திலும் சொல் தாழ்ந்தே நிற்கிறது. பிறந்தபோது அதற்கு அந்தத் தாழ்வு இல்லை. யாரும் தன்னைப் பொருத்திப் பார்க்கக்கூடிய கதைமாந்தரைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று தேடும்போது இது முக்கியமாகிறது.

வடமொழியில் 'சமான' என்றால் ஒத்தது, சமமானது. அதன் வழியில் வந்த 'சாமான்ய', பலவற்றுக்கும் பொதுவாக உள்ள தன்மையைக் குறிக்கும். வைசேடிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் பகுத்த ஆறு பொருள்வகைகளில் இதுவும் ஒன்று. எதிரே நிற்பது விசேடம், அதாவது ஒன்றைத் தனித்துக் காட்டும் தன்மை. நிறமும் உருவமும் வேறாக இருந்தும் எல்லாப் பசுக்களையும் பசு என்றே சொல்ல வைக்கிறதே, அந்தப் பொதுமைதான் சாமானியம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வைசேடிகவாதியின் வாயிலாக இச்சொல் தமிழிலேயே வந்துவிட்டது. ஆக, சாமானியன் என்பவன் எல்லோரிடமும் இருப்பதைத் தன்னிடமும் கொண்டவன். பொதுவாகக் கிடைப்பது மலிவு என்ற எண்ணம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழைய பொருள்தான் நமக்கு வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த 'எவ்ரிமேன்' என்ற ஆங்கில நாடகத்தில் நாயகனின் பெயரே 'ஒவ்வொரு மனிதனும்' என்பதுதான். சாவு வந்து அழைக்கிறது. நட்பும் உறவும் செல்வமும் விலகிக்கொள்ள, நற்செயல் மட்டும் குழிவரை கூடச் செல்கிறது. அவன் இடத்தில் யாரும் தன்னை வைத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் நாயகன் பெயரே பின்னர் இவ்வகை மாந்தருக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று.

தமிழில் எதைச் சொல்வது? 'பாமரன்' கூடவே கூடாது. அதுவும் வடசொல்தான், மூலத்திலேயே இழிந்தவன், அறிவிலி என்ற பொருள் உடையது. 'எளியவன்' நல்ல சொல். ஆனால் வறுமையும் வலிமையின்மையும் கூடவே வந்துவிடும். இரக்கம் பிறக்கும், 'இது நான்தான்' என்ற உணர்வு பிறக்காது. 'குப்பன் சுப்பன்' என்பதில் ஏளனம் இருக்கிறது. 'பொதுமகன்' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பெண்பாலுக்கு மாற்றினால் 'பொதுமகள்', அதாவது பரத்தை. ஒரு பாலுக்கு மட்டும் மதிப்பைத் தரும் சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

என் தேர்வு 'பொதுமனிதர்'. பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே 'பொது'. சாமானியத்தின் மூலப்பொருளை அது அப்படியே தாங்குகிறது, இருபாலுக்கும் பொருந்துகிறது. கலைச்சொல்லாக இல்லாமல் இயல்பாக எழுதும் இடத்தில் 'நம்மில் ஒருவர்' போதும்: "இக்கதையின் நாயகி நம்மில் ஒருத்தி."