கஞ்சா கேஸில் மாட்டியவருக்கு ஜெயிலா, சிகிச்சையா?

பையன் கஞ்சாவோடு பிடிபட்டான் என்று தெரிந்ததுமே, ஜாமீனே கிடைக்காது, பத்து வருஷம் உள்ளேதான் என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குச் சொல்ல, வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடும். பத்து வருஷம், கடுமையான ஜாமீன் நிபந்தனை எல்லாம் பெரும்பாலும் பெரிய அளவில் பிடிபடுகிறவர்களுக்கும் பணம் போட்டுக் கடத்துகிறவர்களுக்கும்தான். போதைக்கு அடிமையாகி, கொஞ்சமாக வைத்திருந்து மாட்டியவருக்கு 1985ஆம் வருட என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்திலேயே சிகிச்சைக்குப் போகும் வழி இருக்கிறது. என்ன, அது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு, எவ்வளவு எடை என்று பாருங்கள். கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே, ஹெராயின் 5 கிராமுக்குக் கீழே என்றால் சட்டத்தின் கணக்கில் அது 'சிறு அளவு'. அதற்கு அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹெராயின் பொட்டலத்தில் பாதி வெறும் மாவுதானே என்று வாதாடிப் பயனில்லை, கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வைத்திருந்தது போக, உபயோகித்ததற்கென்று தனியாக 27ஆம் பிரிவும் இருக்கிறது.

இந்த இரண்டு வகை வழக்குக்கும்தான் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர் தானே விரும்பி அரசு அல்லது உள்ளாட்சி நடத்தும், அல்லது அவற்றின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலோ மையத்திலோ சேர்ந்து சிகிச்சை எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் ஓடி வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப்போடாதீர்கள். ஊருக்கு வெளியே வீட்டைப் பிடித்து, ஆளைக் கட்டிவைத்து அடிக்கிற 'மறுவாழ்வு இல்லம்' சிலது இருக்கிறதே, அங்கே லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வந்தாலும் அங்கீகாரம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் கோர்ட்டில் செல்லாது. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 2025இல் அரசு ஆரம்பித்த 'கலங்கரை' போதை மீட்பு மையங்களும் இருக்கின்றன.

சரி, வழக்கு நடந்து குற்றவாளி என்றே தீர்ப்பு வந்துவிட்டால்? அப்போது 39ஆம் பிரிவு. வயது, பழைய நடத்தை, உடல்நிலை, மனநிலையைப் பார்த்து நீதிபதி உடனே தண்டனை கொடுக்காமல், குற்றவாளியின் சம்மதத்தோடு, பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை பற்றிய ரிப்போர்ட்டைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அது திருப்தியாக இருந்தால் கண்டித்து, அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கு இந்தக் குற்றங்கள் பக்கம் போகக் கூடாது என்று இன்னொரு பாண்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். மீறினால் நிறுத்திவைத்த தண்டனை வந்து நிற்கும். நீதிபதி 'செய்யலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, கட்டாயமில்லை, அதனால் வக்கீல் மனுவை எவ்வளவு ஒழுங்காகப் போடுகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம்: இரண்டு பிரிவுமே 'அடிமையானவருக்கு' மட்டும்தான். காலேஜ் விடுதியில் முதல் தடவை இழுத்துப்பார்த்து மாட்டியவன் அதில் வரமாட்டான்! ஆனால் தண்டனை 27ஆம் பிரிவில் மட்டும் என்றால் ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டப்படி விடச் சொல்லிக் கேட்க 33ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வைத்திருந்த குற்றத்துக்கு அந்தச் சலுகை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான், அதனால்தான் எந்தப் பிரிவு என்று முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால், காவலில் இருக்கிற யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். எந்த மையத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லையா, 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது.