கடைமடை வரியில் பிசகிய கணக்கு

2019 தை மாதம். கஜா புயல் வீசி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாய்ந்த தென்னைகளை அறுத்து அகற்றும் வேலை ஒரு பக்கம், மிஞ்சிய சம்பாவை அறுக்கும் வேலை மறுபக்கம் என்று மன்னார்குடி வட்டாரம் ஓய்வில்லாமல் இருந்தது. அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒருவருக்கு நான் ஓர் இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த வயலில் எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது என்று பகலில் பதிந்துவிட்டால், இரவில் அன்றைய பட்டியல் மொத்தத் தொகையோடு வந்துவிடும். நான்கு ஆண்டுகளாகப் பிசகாமல் ஓடிய செயலி. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் அழைத்தார்: "தம்பி, பட்டியல் வரவில்லை. திரை முழுக்க வெள்ளையாக இருக்கிறது."

நான் செயலியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மாறியிருந்தது சர்வர். செயலியை நான் எழுதியிருந்த பிஎச்பி என்ற நிரல் மொழியின் 5.6 பதிப்புக்கான ஆதரவு 2018 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளை யாரும் வைத்திருக்க விரும்புவதில்லை. நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரையும் அன்று காலை 7.2-க்கு மாற்றியிருந்தார்கள். அவர்கள் செய்தது சரியான வேலை. அப்படியானால் தொடப்படாத நிரல் ஏன் படுத்தது?

வெள்ளைத் திரை எதையும் சொல்லாது. பிழையைப் பொதுமக்கள் பார்வைக்குக் காட்டாமல் மறைப்பது சர்வரின் வழக்கம். உண்மையைப் பிழைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்தேன். ஒரே ஒரு செய்தி: அனுமதிக்கப்பட்ட 134217728 பைட் நினைவகம் தீர்ந்துவிட்டது. 128 மெகாபைட்தான் இப்படிப் பைட் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அன்றைய பட்டியலில் நாற்பது பெயர் இருந்திருக்கலாம். 128 மெகாபைட்டில் லட்சக்கணக்கான வரிகள் கொள்ளும். நாற்பது வரிக்கு இடம் போதவில்லை என்றால் பட்டியல் உள்ளே எங்கோ வளர்ந்துகொண்டே போகிறது என்று பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவில்லாமல் சுற்றும் நிரல் சர்வரில் இரண்டு விதமாகச் சாகும். சும்மா சுற்றினால் நேர வரம்பில் நின்றுபோகும்; பிஎச்பியில் இயல்பாக அது 30 விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது சேர்த்துக்கொண்டே சுற்றினால், நேரம் முடியும் முன்பே நினைவகம் நிறைந்துவிடும். எந்த வரம்பில் செத்தது என்பதே பாதித் துப்பு. இப்படி வரம்பு வைத்துக் கொல்வதைத் தவிர சர்வருக்கு வேறு வழியும் கிடையாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு நாள் நிற்குமா, நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான செய்முறை இருக்கவே முடியாது என்று கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1936-இலேயே நிரூபித்துவிட்டார்.

பள்ளிப் பாடநூல் மடக்கு என்றும், வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் லூப் என்றும் சொல்வது ஒன்றைத்தான்: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. என் செயலியில் இருந்த மடக்கு ஒவ்வொரு விவசாயியின் வரியிலும் வரிசை எண்ணை எழுதும். தொகையை மொத்தத்தோடு கூட்டும். இதுதான் கடைசி வரி என்று தெரிந்தால், பட்டியலின் அடியில் 'மொத்தம்' என்று புதிதாக ஒரு வரியைச் சேர்க்கும். கடைசி வரிதானா என்று அறிய, இதுவரை முடிந்த வரிகளின் எண்ணிக்கையையும் பட்டியலின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். படித்தால் யாருக்கும் தவறாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு பிழை தேடுவது இருட்டில் மடை தேடுவதைப் போன்றது. மூன்று பேர் போதும். வடுவூர் 4,000 ரூபாய், கோட்டூர் 6,000, முத்துப்பேட்டை 5,000 என்று ஒரு சிறு பட்டியல் செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அதுவரையான மொத்தத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி ஓட்டினேன். முதல் சுற்று 4,000. இரண்டாவது 10,000. மூன்றாவது 15,000. இங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. நான்காவது 30,000. ஐந்தாவது 60,000. இருபதாவது சுற்றில் 196 கோடியே 60 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதற்குப் பின்னும் இரட்டித்துக்கொண்டே போனது.

நடந்தது விளங்கிவிட்டது. மூன்றாம் சுற்றில் சேர்த்த 'மொத்தம்' என்ற வரியையே மடக்கு நான்காவது விவசாயியாக எடுத்துக்கொண்டது. 15,000-த்தோடு 15,000 கூடி 30,000. இப்போது பட்டியலின் நீளமும் நான்கு, முடிந்த வரிகளும் நான்கு. ஆகவே இதுதான் கடைசி என்று எண்ணி, அடியில் இன்னொரு மொத்தத்தைச் சேர்த்தது. அதை ஐந்தாவது விவசாயியாக எடுத்தது. கடைசி வரி கைக்கு எட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்படியானால் பழைய பதிப்பில் இது ஏன் நடக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்றைய இரவு முழுவதும் ஆயிற்று. புரிந்தபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லைக் குவித்துவிட்டு விவசாயிகள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். எடை போடுபவர் ஒவ்வொருவராக அழைக்கிறார். பழைய முறையில், ஒவ்வொருவருக்கும் தனக்குப் பின்னால் நிற்பவரை மட்டும் தெரியும். எடை போடுபவர் ஒருவரை அழைத்ததும், அவருடைய மூட்டையைத் தராசில் வைக்கும் முன்பே "உங்களுக்குப் பின்னால் யார்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். கடைசி ஆள் "யாரும் இல்லை" என்கிறார். குறிப்பேட்டில் 'யாரும் இல்லை' என்று எழுதியாயிற்று. அந்தக் கடைசி மூட்டை தராசில் இருக்கும்போதே புதிதாக ஒருவர் வண்டியோடு வந்து பின்னால் நின்றாலும், எடை போடுபவர் அவரைப் பார்க்க மாட்டார். குறிப்பேட்டில் யாரும் இல்லை; கடையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

புதிய முறையில் களத்தில் 1, 2, 3 என்று இடங்களுக்கு எண் போட்டிருக்கிறது. எடை போடுபவர் பின்னால் நிற்பவரைக் கேட்பதில்லை. அடுத்த இடத்தின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறார். கடைசி ஆளின் மூட்டை தராசில் இருக்கும்போது அவருடைய குறிப்பேட்டில் உள்ளது '4-ஆம் இடம்' என்பதுதான். அந்த நேரத்தில் புதிதாக வருபவர் சரியாக அந்த 4-ஆம் இடத்தில்தான் குவிப்பார். எடை முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஆள் இருக்கிறார். அழைக்கிறார்.

பிஎச்பியின் வயிற்றுக்குள் நடந்த மாற்றம் ஏறக்குறைய இதுவே. 5-ஆம் பதிப்பு வரை பட்டியலின் உறுப்புகள் நினைவகத்தில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை வைத்திருந்தது. 2015 டிசம்பர் 3-ஆம் தேதி வெளிவந்த 7.0-இல் (6 என்று ஒரு பதிப்பு வெளிவரவே இல்லை) அவற்றை அடுத்தடுத்த இடங்களில் வரிசையாக அடுக்கினார்கள். இன்றைய கணினியின் மையச் செயலகம் (சிபியு) அடுத்தடுத்து உள்ளதைப் படிப்பதில் மிக வேகமானது. பதிப்பு 7 வேகம் பெற்றதற்கு இந்த அடுக்கும் ஒரு காரணம். ஒரு பட்டியலின் அசலையே கையில் பிடித்துத் திருத்திக்கொண்டு ஓடும் மடக்கில், நடுவே சேர்க்கும் வரியையும் ஒழுங்காகச் சுற்றிவர வேண்டும் என்பது பதிப்பு 7-இன் திருத்தங்களில் ஒன்று. 5.6-இலிருந்து 7.0-க்கு மாறுவோருக்கான கையேட்டுப் பக்கத்தில் இது எடுத்துக்காட்டோடு அச்சாகியிருக்கிறது. நான் அதை மறுநாள் காலையில்தான் படித்தேன்.

ஆக, தவறு நான்கு ஆண்டுகளாக என் நிரலில் இருந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியலிலேயே புது வரியைச் சேர்த்தது தவறு. பழைய எடை போடுபவர் திரும்பிப் பார்க்காமல் போனதால் அது வெளியே தெரியவில்லை.

மொத்தத்தைப் பட்டியலுக்குள் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டேன். முதல் மடக்கு வரிசை எண் எழுதிக் கூட்டும். இரண்டாவது மடக்கு அச்சிடும். மொத்தம் கடைசியில் வரும். வெள்ளைத் திரை போய்ப் பட்டியல் வந்தது. இயந்திரக்காரர் மகிழ்ந்தார். மறுநாள் மாலை மீண்டும் அழைத்தார். குரலில் மகிழ்ச்சி இல்லை. "மொத்தம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகக் கூட்டினால் அந்த மொத்தம் வரவில்லை. கடைசி ஆளையும் காணவில்லை."

மூன்று பேர் பட்டியலை மீண்டும் எடுத்தேன். அச்சில் வந்தது: வடுவூர் 4,000, கோட்டூர் 6,000, கோட்டூர் 6,000. மொத்தம் 15,000. முத்துப்பேட்டைக்காரர் இல்லை. கோட்டூர்க்காரருக்கு இரண்டு முறை தொகை விழுந்திருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான் இது என்று மனத்தில் பட்டது. முத்துப்பேட்டையே கடைமடைதான்.

அந்த நேரத்தில் எனக்குப் புதிய சர்வர்மேல்தான் கோபம் வந்தது. நல்ல வேளையாக, பழைய 5.6 பதிப்பு என் கணினியில் இன்னும் இருந்தது. அதே நிரலை அதில் ஓட்டினேன். அங்கும் வடுவூர், கோட்டூர், கோட்டூர். மாற்றத்துக்குப் பிறகு வந்த பிழை எல்லாம் மாற்றத்தால் வந்த பிழை ஆகிவிடாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஒரே பட்டியலை இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் குற்றம் சொல்லக் கூடாது. அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இந்தப் பிழையின் வேர் & என்ற ஒற்றைக் குறி. மடக்கில் மாறியின் (ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த வரியை வைத்துக்கொள்ளும் பெயர்) முன்னால் அதைப் போட்டால், வரியின் நகல் அல்ல, அசலே கைக்கு வரும். அதில் எழுதுவது பட்டியலிலேயே எழுதப்படும். வரிசை எண் எழுத அதுதான் தேவைப்பட்டது. முதல் மடக்கு முடிந்த பிறகும் அந்த மாறி கடைசி வரியின் கையை விடுவதில்லை. முத்துப்பேட்டை வரியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. இரண்டாவது மடக்கிலும் அதே பெயருடைய மாறியைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். முதல் சுற்று: வடுவூர் வரி மாறிக்குள் போகிறது, மாறி என்பது முத்துப்பேட்டையின் இடம், ஆகவே முத்துப்பேட்டையின் இடத்தில் வடுவூர் எழுதப்படுகிறது. இரண்டாம் சுற்று: அதே இடத்தில் கோட்டூர். மூன்றாம் சுற்றில் முத்துப்பேட்டையைப் படிக்கப் போனால், அங்கே இருப்பது கோட்டூர். மொத்தம் முதல் மடக்கிலேயே கூட்டப்பட்டுவிட்டதால் அது மட்டும் சரியாக வந்தது.

இரண்டு மடக்குகளுக்கும் நடுவே, அந்த மாறியின் பிடியை விடுவிக்கும் 'அன்செட்' என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். முத்துப்பேட்டை திரும்பி வந்தது. பிஎச்பி 8-லும் இந்த வரி இல்லாவிட்டால் இதே கதைதான்.

இரண்டு பிழைகளில் எனக்கு அச்சம் தந்தது இரண்டாவதுதான். வெள்ளைத் திரை கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. தவறான பட்டியலோ சரியான பட்டியலைப் போலவே அழகாக வந்து நிற்கிறது. அவர் கால்குலேட்டரை எடுக்காமல் இருந்திருந்தால், செலுத்த வேண்டாத பணத்தை ஒரு விவசாயியிடம் கேட்டிருப்பார்கள். பணம் தொடர்பான எந்தப் பட்டியலிலும் வரிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று நிரலே அச்சிடும் முன் ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பதிப்பு 8 இன்னும் கண்டிப்பானது. 'ஈச்' என்ற பழைய கட்டளையால் பட்டியலைச் சுற்றிவருவது ஒரு காலத்தில் எல்லோருடைய வழக்கம், 7.2-இல் கைவிடப் போவதாக எச்சரித்து, 8.0-இல் எடுத்தே விட்டார்கள். 0 என்ற எண்ணும் 'மொத்தம்' என்ற சொல்லும் சமமா என்று இரட்டைச் சமக்குறியால் கேட்டால் பதிப்பு 7 ஆம் என்றது. 8 இல்லை என்கிறது. மடக்கை நிறுத்தும் நிபந்தனை அப்படி ஓர் ஒப்பீட்டை நம்பியிருந்தால், அது நிற்கும் இடமே மாறிவிடும்.

2022 நவம்பரில் 7.4-க்கான ஆதரவும் முடிந்தது. இந்த முறை தை அறுவடைக்கு நடுவில் எதையும் தொட வேண்டாம் என்று இயந்திரக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டேன். வாய்க்கால் தூர்வாரும் காலத்தில், வயல் காய்ந்து வண்டிகள் ஷெட்டில் நிற்கும் வைகாசியில், 2023-இல், பதிப்பு 8-ஐத் தனி இடத்தில் நிறுவினேன். முதலில் ஓட்டியது வடுவூர், கோட்டூர், முத்துப்பேட்டை. மூவரும் வந்தார்கள், கூட்டுத்தொகையும் ஒத்துப்போனது. பிறகு மற்றப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். டீசல் கணக்குப் பக்கம் 'ஈச்' என்ற கட்டளையைத் தெரியாது என்று நின்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்காக எழுதி, அப்படியே எடுத்துப் போட்ட மடக்கு அது. திருத்தி மீண்டும் ஓட்டி, பழைய சர்வரின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு முடித்தபோது மாலை ஆறு மணி. மறுநாள் காலையில்தான் புதிய சர்வருக்கு மாற்றினேன்.