மோஷன் சேருக்குத் தமிழில் என்ன பெயர்?

அக்கா மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் தருமபுரிக்கு வந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினான். நாலு பேர் விஆர் கண்ணாடியை (கண்ணை மூடி வேறோர் உலகத்தைக் காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு நாலு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் உடம்பை இடப்பக்கம் சாய்த்தால் ஆட்டத்தில் அவருடைய விமானமும் இடப்பக்கம் திரும்புகிறது, எதிரி சுட்டால் நாற்காலி முதுகில் குத்துகிறது. "மாமா, இந்த மோஷன் சேருக்குத் தமிழ்ல என்ன?" என்றான். யோசிக்காமல் "இயங்கு நாற்காலி" என்று சொல்லிவிட்டேன். "வீல்சேர் மாதிரி இருக்கு மாமா" என்று சிரித்தான். அவன் சிரித்தது சரிதான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். மோஷன் சேர், மோஷன் சீட் என்று சொல்கிற பொருளுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நம்மை ஆட்டுவது. பொருட்காட்சியில் '5டி ஷோ' என்று கூடாரம் போட்டிருப்பார்களே, அங்கே இருப்பது இந்த வகை. இரண்டாவது, நாம் ஆட்டுவது. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம், எடை எங்கே விழுகிறது என்பதை சென்சார் கவனித்துக் கணினிக்குச் சொல்லும், அதாவது கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்கின் வேலையை உட்காரும் பலகை செய்யும். இரண்டும் ஒரே நாற்காலியில் சேரும்போதுதான் அதை முழுமையான இடைமுகம் என்று சொல்ல முடியும். (இடைமுகம் என்றால் மனிதனும் கணினியும் பேசிக்கொள்ளும் இடம், 'இன்டர்ஃபேஸ்' என்பதைப் பிய்த்துப் பிய்த்து மொழிபெயர்த்த சொல். இங்கே முகத்துக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் உட்காரும் இடம்தான். இருந்தாலும் நிலைத்துவிட்ட சொல், அதை ஏன் அசைக்க வேண்டும்.)

பொருள் புதிதும் இல்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929இல் செய்த விமானப் பயிற்சிப் பெட்டியைத்தான் இதற்கெல்லாம் பாட்டன் என்று சொல்ல வேண்டும். அவருடைய குடும்பத்தொழில் பியானோ, ஆர்கன் செய்வது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியை ஆடவைத்தார். தொடக்கத்தில் கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் விலைபோனது, அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது 1934இல்தான். அப்புறம் 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் ஆறு நீளும் கால்கள் மேல் நின்று எல்லாப் பக்கமும் ஆடும் மேடை பற்றிக் கட்டுரை எழுதினார். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே வருடம்தான், இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு நினைவில் நிற்பதற்கு உதவுகிறது, அவ்வளவுதான். ஆறு கால் இருப்பதால் அந்த மேடைக்கு ஆங்கிலத்தில் 'ஹெக்ஸபாட்' என்றும் பெயர், கிரேக்கத்தில் ஆறு பாதம். அப்படியே தமிழில் வைத்தால் அறுகாலி. பழைய தமிழில் அறுகால் என்றால் வண்டு!

நாற்காலி ஏன் ஆட வேண்டும் என்பதற்குத் தொப்பூர் கணவாயில் பஸ்ஸில் போனாலே பதில் கிடைக்கும். வளைவில் பஸ் சாய்கிறது, நீங்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்ச நேரத்தில் குமட்டுகிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் 'திரும்புகிறோம், சாய்கிறோம்' என்கின்றன, கண்ணோ 'இல்லை, எழுத்து அசையாமல் இருக்கிறது' என்கிறது. விஆர் கண்ணாடியில் இது தலைகீழ்: கண் பறக்கிறது, காது சும்மா இருக்கிறது. அந்தச் சண்டையைக் குறைக்கத்தான் நாற்காலி ஆடுகிறது. ஆனால் அது உண்மையிலேயே விமானம்போல ஓட முடியாதே, அதனால் ஒரு தந்திரம் செய்வார்கள். மெல்லப் பின்பக்கம் சாய்த்தால் புவியீர்ப்பு முதுகை அழுத்தும், வண்டி வேகமெடுத்தது போல உடம்பு நம்பிவிடும். பிறகு நமக்குத் தெரியாத மெதுவில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். நாற்காலியும் ஒரு ஃபர்னிச்சர்தானே, அதிலிருந்து தொடங்கலாம். 'ஃபர்னிச்சர்' பிரெஞ்சிலிருந்து வந்தது, மூலப்பொருள் 'கொடுத்து நிரப்புவது'. வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சுக்காரர்களே அதை மேசை நாற்காலிக்குச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'மெப்ள்', லத்தீனில் அசையக்கூடியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. வீடு அசையாது, சாமான் அசையும். நம் பத்திரங்களில் எழுதுகிறோமே, அசையும் சொத்து, அசையாச் சொத்து, அதே கணக்கு. தமிழில் அறைகலன் என்ற சொல் இருக்கிறது. கலன் என்றால் பாத்திரம், அணிகலன், கப்பலும்கூட. அழகான சொல்தான், ஆனால் 'இயக்க அறைகலன்' என்று யாராவது சொன்னால் நான் கேட்காத மாதிரி போய்விடுவேன்.

நாற்காலி என்ற சொல் காலை எண்ணி வந்தது. இந்தச் சாதனத்துக்கு நாலு கால் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் இருக்கை என்பதே பொருந்தும். இரு என்றால் உட்கார், இரு என்றால் இருத்தல். விஆர் ஆட்கள் 'அங்கேயே இருப்பது போன்ற உணர்வு' என்று பெரிதாகப் பேசுவார்கள், நம் சொல்லில் உட்காருவதும் அங்கே இருப்பதும் ஒரே வேரில் கிடக்கின்றன.

மோஷனுக்கு என்ன செய்வது? அசைவு பலவீனமாக இருக்கிறது. இயக்கம் என்றால் கட்சி, சினிமா இரண்டும் நினைவுக்கு வரும். ஊசல் என்று போட்டால் பிளஸ் ஒன் இயற்பியல் தனி ஊசல் வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது ஆடு. ஊஞ்சல் ஆடுகிறோம், கபடி ஆடுகிறோம், எங்கள் பக்கம் விடிய விடியக் கூத்து ஆடுகிறார்கள், காவிரியில் நீராடுகிறோம். அசைவுக்கும் விளையாட்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டும், நமக்கு ஒரு வினையே போதும். அதில் பிறவினையும் தயாராக இருக்கிறது: நாற்காலி நம்மை ஆட்டுகிறது, நாம் நாற்காலியை ஆட்டுகிறோம், இருவரும் சேர்ந்து ஆடுகிறோம். ஆடு + இருக்கை = ஆடிருக்கை. ஆடுகளம், ஊறுகாய் போல வினைத்தொகை. ஆடி மாத இருக்கை என்று படிக்காதீர்கள்.

ஆட்டத்துக்குள்ளேயே நம்மை இழுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'இம்மர்ஸிவ்' என்பார்கள், அதற்கு மூழ்கடிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒகேனக்கல் பக்கம் வந்து அப்படிச் சொன்னால் ஆள் ஓடிவருவான். கூத்து பார்த்தவர்கள் 'ஒன்றிப்போய்ட்டேன்' என்பார்கள், அந்த ஒன்றுதல்தான் சரி. பல பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயருக்குக் கூட்டாட்டம் போதும்.

அந்தக் கூட்டாட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒகேனக்கல் பரிசலைத்தான் காட்டுவேன். வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் போட்டோ எடுக்க எழுந்தால் எல்லோரும் சாய்கிறார்கள், பரிசல்காரர் அதட்டுகிறார், அவரே அப்புறம் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிவிட்டு நம்மை அலறவைக்கிறார். ஒருவர் அசைவு மற்றவர் உடம்பில் உடனே தெரிகிறது. தனித்தனி ஊரில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு இதைக் கொண்டுவருவதில்தான் சிக்கல். இடையில் இன்டர்நெட் கொஞ்சம் தாமதித்தாலும், கண்ணில் மோதல் முடிந்த பிறகு முதுகில் குத்து விழும், குமட்டல் திரும்ப வந்துவிடும்.

மருமகனுக்கு ஆடிருக்கை பிடித்துவிட்டது. அக்காதான் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஆடுற நாற்காலிக்கு எதுக்குடா பேரு, ரெண்டு ஆணி அடிச்சா நின்னுடப்போகுது" என்றாள்.