உள்ள போன கேம் மெஷின் வெளிய வராம எங்க போகும்னு கேக்கறவங்களுக்கு

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "அண்ணே, மெஷின் வாசல்ல சிக்கிடுச்சு, முன்னாடியும் போகல பின்னாடியும் வரல." போய்ப் பாத்தா, கூட வந்து தள்ளுன பையன் விரல்ல துணி சுத்திட்டு உக்காந்திருக்கான். கதவு நிலைக்கும் மெஷினுக்கும் நடுவுல கை மாட்டி நகம் பேந்துருச்சு. காசு போட்டு ஆடுற பெரிய வீடியோ கேம் மெஷின் ரிப்பேர் பாக்குற எனக்கு இந்த மாதிரி பாத்துப் பாத்து மனசு வெறுத்துப் போச்சு, அதான் எழுதுறேன்.

எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை, "உள்ள போச்சுல்ல, அப்ப வெளிய வந்துதானே ஆகணும்". தயவுசெஞ்சு இத நம்பி தள்ளாதீங்க. அது உள்ள போன அன்னிக்கு இருந்த வாசலா இப்ப இருக்கு? நடுவுல டைல்ஸ் போட்டு தரை ஏறியிருக்கும், கதவ மாத்தியிருப்பீங்க, வாசலுக்கு எதிர்ல பீரோ வந்திருக்கும், மெஷின் திரும்பவே இடம் இருக்காது. மெஷினும் மாறியிருக்கும். பட்டனும் கைப்பிடியும் இருக்கிற கன்ட்ரோல் பேனல், அதுல ரெண்டு பேர் ஆடுறத கழட்டிட்டு நாலு பேர் ஆடுற அகலமான பேனல் போட்டிருப்பாங்க, அது உடம்ப விட ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும். பார்ட்டிகிள் போர்டுல, அதான் மரத்தூள ஒட்டி செஞ்ச பலகையில, செஞ்சதா இருந்தா ஈரம் குடிச்சு அடிப்பக்கம் உப்பியிருக்கும். உக்காந்து கார் ஓட்டுற மெஷின்லாம் பெரும்பாலும் சீட்டு தனி, ஸ்கிரீன் தனின்னு ரெண்டு துண்டா வந்து உள்ளதான் போல்ட் போட்டு சேத்தது. அத முழுசா வெளிய தள்ளுனா எப்படிங்க வரும்?

அளக்கிறதுலயும் ஒரு தப்பு பண்றாங்க. நிலையோட அகலத்த அளக்கிறாங்க, தொறந்த கதவு அதுக்குள்ள அடைக்கிற இடத்த விட்டுடுறாங்க. கீல்ல இருந்து கதவ கழட்டுனாலே 3, 4 சென்டிமீட்டர் கிடைக்கும், பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிடும். மெஷின அளக்கும்போது எங்க அதிகமா துருத்திட்டு இருக்கோ அங்க அளங்க.

கன்ட்ரோல் பேனல கழட்டுறது பெரிய வித்தை இல்ல. பெரும்பாலான மெஷின்ல காசு போடுற கதவ தொறந்து உள்ள மேல கைவிட்டா ரெண்டு கிளிப் இருக்கும், அத விட்டா பேனல் தூக்கிக்கும். வயர உருவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, இத செய்யாம பட்டன் வேலை செய்யலன்னு என்னைக் கூப்பிடுறவங்க நெறைய.

அடியில நாலு மூலையிலயும் போல்ட் கால் இருக்கும், அத முழுசா உள்ள திருகிடுங்க. பழைய நிமிர்ந்த மெஷின் 100 கிலோவுக்கு மேல இருக்கும், அதுல பழைய டிவியில இருக்கிற மாதிரி கனமான பிக்சர் டியூப் மேல்பக்கத்துலதான் நிக்குது. பின்னாடி இருந்து தோள் உயரத்துல தள்ளுறீங்க, மெஷினோட கால் வாசப்படியில இடிச்சு நிக்குது, மேல்பக்கம் மட்டும் போயிட்டே இருக்கு, முன்னாடி இழுக்கிறவன் மேலயே வந்து சாயும். அன்னிக்கும் அந்த கால் போல்ட் பலகைய பிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு, நல்லவேளை மெஷின் நிலையில சாஞ்சு நின்னுடுச்சு. இல்லன்னா விரலோட போயிருக்காது.

டிராலியில ஏத்தி முதுகுப்பக்கம் சாச்சு பெல்ட் போட்டு கட்டுங்க, ரெண்டு பேர் கட்டாயம் வேணும். படியில இறக்கும்போது மெஷினுக்கு நேர் கீழ யாரும் நிக்கக்கூடாது, எவ்ளோ பலசாலியா இருந்தாலும் சரி.

இன்னொன்னு, இத கெஞ்சிக் கேக்குறேன். இடம் பத்தலன்னு மெஷினோட பின்கதவ தொறந்து டியூப நீங்களே கழட்டாதீங்க. பிளக்க புடுங்கிட்டேன்னு சொல்லுவீங்க, புடுங்குனாலும் டியூப்ல 20,000 வோல்ட் அளவுக்கு சார்ஜ் தங்கியிருக்கலாம். டியூபோட பின்னாடி கழுத்து மெல்லிசு கண்ணாடி, தெரியாம முழங்கை பட்டாலே ஒடையும், அதோட அந்த டியூப் செத்துச்சு. பழைய டிவி ரிப்பேர் பாக்குற மெக்கானிக்க கூப்பிடுங்க, சார்ஜ எறக்கிட்டு பத்திரமா கழட்டிக் குடுப்பார்.

சிக்கிடுச்சா, அங்கயே நிறுத்துங்க. சாயாம ஒருத்தர் புடிச்சுக்கோங்க, மத்தவங்க கைய நிலைப்பக்கத்துல இருந்து எடுத்துட்டு எது இடிக்குதுன்னு டார்ச் அடிச்சு பாருங்க. இன்னும் ஒரே ஒரு தள்ளுன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அந்தப் பையன் விரல் மாட்டுனது அந்த ஒரு தள்ளுலதான்.