மெதுவாகச் சுற்றினால் வெளிப்படும் கசிவு

ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் வேகமாக ஓடும்போது தன் குறையை எளிதில் காட்டாது. 7,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,000 சுற்றில், பிஸ்டன் கீழிருந்து மேலே வர 0.004 விநாடிதான் ஆகிறது. பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால், அதன் வழியாகக் காற்று தப்பிக்கப் பார்ப்பதற்குள் பிளக் பொறி அடித்துவிடும். அதே எஞ்சினை செல்ஃப் மோட்டார் 250 ஆர்பிஎம்மில் சுற்றினால் அந்தப் பயணத்துக்கு 0.12 விநாடி, அதாவது சுமார் 28 மடங்கு நேரம் கிடைக்கிறது. கசிகிற காற்றுக்கு அது தாராளம். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் இந்த மெதுவான சுற்றைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒரு பிளக் துளையில் அழுத்தத்தை அளக்கும் கேஜை முறுக்கி, காற்று நுழையும் வழியான த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, பிஸ்டன் ஐந்தாறு முறை காற்றை அழுத்தும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். கேஜுக்குள் இருக்கும் ஒருவழி வால்வு உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். த்ராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி சோர்ந்திருந்தாலோ நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

சரி, என்ன எண் வர வேண்டும்? கம்ப்ரஷன் விகிதம் 10:1 என்றால் காற்று பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வெறும் கணக்குப்படி கேஜில் 132 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 132 பவுண்டு அழுத்தம்) வர வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் 170, 180 என்று காட்டும். சைக்கிள் பம்ப் அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுமே, அதே காரணம்தான்: சுருங்கும் காற்று சூடாகி, அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட்; அதிவேகத்துக்காகச் செய்த கேம்ஷாஃப்ட், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். மெதுவாகச் சுற்றும்போது, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். அதனால் எந்தப் பழுதும் இல்லாத பந்தய எஞ்சின்கூடக் குறைந்த எண்ணைக் காட்டலாம். மாறாக, பிஸ்டன் தலையில் கரி படிந்து இடம் குறைந்திருந்தால் எண் உயரும். ஆக, உயர்ந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

அதனால்தான் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நான் முதலில் பார்ப்பேன். நான்கிலும் 150ஐ ஒட்டி வந்தால், தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியாக இருக்கலாம். 180, 178, 182, 135 என்று வந்தால் நான்காவதில் பழுது இருக்கிறது. 10 முதல் 15 சதவீத வித்தியாசம் வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், கசிவு எங்கே? குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். ஆயில் ரிங் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். எண் நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வையோ, சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், பெரும்பாலும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். போர்ஷே 911 போல சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சினில் இந்த ஆயில் சோதனையை முழுதாக நம்ப முடியாது. ஆயில் கீழ்ப்பக்கமாக வடிந்து, மேல்பாதி அடைபடாமல் நிற்கும். அங்கே லீக்டவுன் டெஸ்ட் மேல்: பிஸ்டனை மேலே நிறுத்தி வெளியிலிருந்து காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனே இல்லை. முக்கோண ரோட்டர் ஒவ்வொன்றும் மூன்று அறைகளை உருவாக்கி, மூன்றையும் ஒரே பிளக் துளையைத் தாண்டிக் கொண்டுபோகிறது. சாதாரண கேஜ் மூன்றில் பெரிய எண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வதால், பலவீனமான அறை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே மூன்றையும் தனித்தனியே பதிந்து, சுற்றும் வேகத்தையும் கணக்கில் எடுக்கும் கருவி வேண்டும். 250 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு அறையும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். மூன்றுக்கும் இடையே 150க்கு மேல் வித்தியாசம் கூடாது. அந்தக் கருவி இல்லாதபோது கேஜின் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு, முள் மூன்று முறையும் ஒரே உயரத்துக்குத் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள்.