பிள்ளை மோலுக்குப் போனதை விட, அதை ஒளிக்க வேண்டி வந்ததுதான் எனக்குப் பயம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளவளத்துணை வேலை செய்யிற ஆள் நான். அண்மைக்காலமா என்னட்ட வாற தாய் தகப்பன்மாரில கனபேர் ஒரே கதையோடதான் வருகினம். "பிள்ளை ரியூசன் எண்டு சொல்லிட்டு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் கார்கில்ஸ் மோலில நிக்குதாம், பெடியளும் பெட்டையளும் சேந்து படம் எடுக்குதுகளாம், கதைக்கிற கதையே எங்களுக்கு விளங்குதில்லை, ஒருக்கா கூப்பிட்டு புத்தி சொல்லுங்கோ." புத்தி சொல்லுறது என்ர வேலை இல்லை எண்டு முதல் நாளே சொல்லிப்போடுவன். ஆனா அவையின்ர பயம் பொய்யில்லை, அதாலதான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன். இதில வாற பிள்ளையளின்ர விபரம் எல்லாம் மாத்தித்தான் எழுதியிருக்கிறன், ஆரெண்டு தேடாதேங்கோ.

கொழும்பு மாதிரி பெரிய மோல் ஒண்டும் எங்கட வன்னியில இல்லை. யாழ்ப்பாணத்தில கார்கில்ஸ் ஸ்குவயார் திறந்தது 2013ல, அதே வருசம்தான் யாழ்தேவி ரெயினும் திரும்ப கிளிநொச்சி மட்டும் வந்தது, அடுத்த வருசம் யாழ்ப்பாணம் மட்டும் போச்சுது. அப்ப கைக்குழந்தையா இருந்ததுகள்தான் இண்டைக்கு ரீல்ஸ் எடுக்குதுகள். இதுகளுக்கு படியே தானா ஏறிப்போற இடம், ஏசிக் குளிர், படம் பாக்க தியேட்டர், கே.எப்.சி. எல்லாம் ஒரே கட்டடத்துக்குள்ள கிடைச்சா போகாமல் என்ன செய்யும். கொழும்புக்கே போகாத பிள்ளைக்கும் 2019ல திறந்த வன் கோல்பேஸ் மோலின்ர உள்பக்கம் எப்படி இருக்கும் எண்டு டிக்டொக்கில பாத்துப் பாடம். போகேலாத நாளில ஏ9 ரோட்டு ஜூஸ் கடையும் புட்சிற்றி சுப்பர்மார்க்கற் வாசலும்தான் அதுகளுக்கு மோல்.

கதைக்கிற கதை விளங்குதில்லை எண்டு சொல்லுற அப்பாமாரிட்ட நான் திருப்பிக் கேக்கிறது, உங்கட காலத்தில மதவடியில குந்தியிருந்து பம்பலடிக்கேக்க உங்கட அப்பாவுக்கு எல்லாம் விளங்கினதோ எண்டு. சுழட்டுறது, விலாசம் காட்டுறது, எடுப்பு எடுக்கிறது எல்லாம் உங்கட ஆக்கள் பாவிச்ச சொல்லுதானே. இப்ப அதுகளோட இந்தியப் படத்தில வாற கெத்தும் வேற லெவலும் சேந்திருக்கு, கொழும்பில வேலை செய்யிற அண்ணாமார் கொண்டுவந்த சிங்களச் சொல்லும் கலந்திருக்கு, இங்கிலீசில வைப், கிரிஞ்ச் எண்டும் சொல்லுதுகள். ஒரு தாய் மகளின்ர வட்ஸ்அப்பில "செட் ஆயிட்டா?" எண்டு கிடந்ததைப் பாத்து ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவ, கேட்டா அது சனிக்கிழமை போறதுக்கு எல்லாரும் ஓமோ எண்டு கேட்டது.

ஆனா ஒரு வகைச் சொல்லை நான் சும்மா விடுறதில்லை. பெடியள் குறூப்பில பெட்டையளின்ர படத்தைப் போட்டு "பீஸ்", "அயிட்டம்" எண்டு எழுதி மார்க் போடுறது நடக்குது. அந்தப் படம் அநேகமா ஆரோ எஸ்கலேற்றரில பின்னால நிண்டு தெரியாமல் எடுத்ததா இருக்கும். அதை எழுதின பெடியனையே நேராக் கேக்கிறனான், உன்ர தங்கச்சியின்ர படமா இருந்தா எண்டு கேக்கமாட்டன், அந்தப் பிள்ளை உன்னட்ட என்ன சம்மதம் தந்தவள் எண்டுதான் கேப்பன். அதே நேரம் பெரியாக்கள் பாவிக்கிற சொல்லையும் சொல்லத்தான் வேணும். காவாலி, ஆடுகாலி எண்டு வீட்டில விழுற சொல் பிள்ளையின்ர மனசில எவ்வளவு காலம் நிக்கும் எண்டதை நான் ஒவ்வொரு கிழமையும் இந்தக் கதிரையில இருந்து கேக்கிறன்.

மோலில பெடியள் கூடுறதும் அதைப் பாத்து பெரியாக்கள் பதறுறதும் எங்கட ஊரில மட்டும் நடக்கிறதில்லை. 1956ல அமெரிக்காவில மினசோட்டாவில சவுத்டேல் மோலைக் கட்டின விக்ரர் குரூன் வியன்னாவில பிறந்தவர், அந்த ஊர்ச் சதுக்கங்கள் மாதிரி சனம் கூடி நிண்டு கதைக்க ஒரு இடம் வேணும் எண்டுதான் அதை நினைச்சவர். கொஞ்சக் காலத்தில அங்க கூடின இளசுகளுக்கு மோல் எலி எண்டு பேர் வந்திட்டுது, 1996ல அதே மாநிலத்தில மோல் ஒஃப் அமெரிக்கா வெள்ளி சனி இரவுகளில 16 வயசுக்குக் குறைஞ்சவை பெரியாக்களோடதான் வரலாம் எண்டு விதி போட்டுது. பிரேசிலில நடந்ததுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வாறது. 2013 கடைசியில சாவோ பாவ்லோவின்ர வெளிப்புற ஏழைப் பகுதிப் பிள்ளையள் பேஸ்புக்கில சொல்லிவச்சு ஆயிரக்கணக்கில மோலுக்குப் போச்சுதுகள், சும்மா சுத்தவும் பாடவும் சோடி பாக்கவும். கடைக்காரர் கதவைப் பூட்டிச்சினம், பொலிஸ் வந்தது, பிறகு சில மோல்கள் கோட்டில தடை எடுத்து வாசலிலேயே மறிச்சது. களவெடுக்க வந்ததுகள் எண்டுதான் பாத்தவை.

எங்கட பிள்ளையளுக்கும் அந்தப் பார்வை தெரியும். யாழ்ப்பாணத்தில நிக்கேக்க எந்த இடம் எண்டு ஆரும் கேட்டா கிளிநொச்சி எண்டு சொல்லாமல் நல்லூர் எண்டு சொன்ன பெடியன் ஒராள் என்னட்ட வந்தவன். வன்னி எண்டு தெரிஞ்சா மதிக்காயினம் எண்டு பயம். அதுக்காக சப்பாத்து, அதுக்காக ரீசேட், பிறகு அதுக்காக போன். பெரியம்மாவின்ர பேரில கட்டுக்காசுக்கு எடுத்த போனுக்கு மூண்டாம் மாசமே கட்ட வழியில்லாமல், அவன் ரியூசன் காசை அதுக்குக் கட்டி, ரியூசனுக்குப் போகாமல் நிண்டு, கடைசியில சோதினையே எழுதேல்ல. நுண்கடன் எங்கட பெண்களை என்ன பாடு படுத்தினது எண்டு கண்ட ஊர் இது, அதே கயிறு பிள்ளையின்ர கழுத்துக்கு வாறதைப் பாத்துக்கொண்டிருக்கேலாது.

தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இவை வளந்த காலத்தில பிள்ளை வெளிய போனா திரும்பி வருமோ எண்டுதான் வீடு கிடந்தது. பொருளாதாரத் தடைக்குள்ள சவுக்காரத்துக்கும் பற்றறிக்கும் அலைஞ்சவை, பதுங்குகுழிக்குள்ள படிச்சவை, 2009ல மனிக் பாம் அகதி முகாமில வரிசையில நிண்டவை. சமாதான காலத்தில ஒருக்கா கிளிநொச்சிப் பாண்டியன் உணவகத்தில ஐஸ்கிரீம் குடிச்சதை இண்டைக்கும் கண் விரியச் சொல்லுற அம்மாமார் இருக்கினம். அந்த அம்மாவுக்கே மகள் கூட்டமா போய் ஐஸ்கிரீம் குடிச்சா நெஞ்சு பதறுது. அது அவவின்ர உடம்பில ஊறின பயம், எனக்கு விளங்குது. ஆனா அந்தப் பயம் அடியா மாறி விழேக்க என்ன நடக்குது எண்டதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினனான்.

ஏ.எல் படிக்கிற பிள்ளை ஒண்டு. சிநேகிதியளோட போய் நிண்டதை சொந்தக்காரர் ஒராள் கண்டு வீட்டுக்குப் போன் அடிச்சவர். தகப்பன் அடிச்சு, போனைப் பறிச்சு, ஒரு மாசம் பள்ளிக்கூடமும் விடேல்ல. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அதைப் பாத்துக்கொண்டிருந்தது இதோட படிக்கிற இன்னொரு பிள்ளை. அந்த ரெண்டாவது பிள்ளைக்கு மோலில பழக்கமான ஒருத்தன், சேந்து நிண்டு எடுத்த சாதாரண செல்பியை வச்சு "கொப்பருக்கு அனுப்பட்டோ" எண்டு வெருட்டத் தொடங்கினவன். முதல் காசு கேட்டான், பிறகு வேற படம் கேட்டான், அவள் அனுப்பினவள். கைகட்டி நிண்ட ஒரு செல்பிக்காக. வீட்டில சொல்லுறதெண்டால் அண்டைக்கு எங்க போனவள் எண்டதையும் சொல்லவேணும், சொன்னா சிநேகிதிக்கு நடந்தது தனக்கும் நடக்கும் எண்டு அவளுக்குத் தெரியும். அவன்ர கையில இருந்த ஆயுதம் அந்தப் படமில்லை, தகப்பனின்ர கோவம். அதை அவன் நல்லா விளங்கி வச்சிருந்தான்.

அதால என்னட்ட வாற பெற்றோரிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். போகாத எண்டு சொல்லுறது உங்கட விருப்பம், போறதெண்டால் ஆரோட, எந்த பஸ்ஸில, எத்தினை மணிக்கு வருவாய் எண்டு கேட்டு நூறு இருநூறு கையில குடுத்து அனுப்புறதும் உங்கட விருப்பம். ஆனா "என்ன நடந்தாலும் முதல் என்னட்ட சொல்லு, அடிக்கமாட்டன்" எண்டு சொல்லுங்கோ, சொன்னா பிறகு உண்மையாவே அடிக்காதேங்கோ. ஒருக்கா அந்த வாக்கு பிழைச்சா பிள்ளை அடுத்தமுறை வேற ஆரிட்டயும்தான் போகும்.

ஆரும் படத்தை வச்சு வெருட்டுறான் எண்டு தெரிஞ்சா காசும் அனுப்பாதேங்கோ, வேற படமும் அனுப்ப விடாதேங்கோ, மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கோ, நம்பரையும் ஐடியையும் எழுதி வையுங்கோ. 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையின்ர ஆபாசமான படத்தை வச்சிருக்கிறதே தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம், அதால பயப்பட வேண்டியது அவன். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929க்கு பிள்ளையே தன்ர பாட்டில போன் அடிக்கலாம். மனசு தாங்கேலாமல் ஏதும் செய்துபோடுவன் எண்ட மாதிரிக் கதைச்சா தனிய விடாதேங்கோ, 1926 மனநல உதவி இலக்கம். உங்கட பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும் இருக்கினமோ எண்டு விசாரிச்சு, பிள்ளையோட சேந்து போங்கோ, காசு ஒண்டும் தேவையில்லை.