கிண்டர்கார்ட்டன்: தோட்டம் எப்படிப் பள்ளியானது?

ஜெர்மன் சொல். 'கிண்டர்' என்றால் குழந்தைகள், 'கார்ட்டன்' என்றால் தோட்டம். ஆங்கிலத்தின் 'கார்டன்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு 'கிண்டர்கார்டன்' என்று எழுதுவது பிழை. மூலத்தில் இருப்பது அழுத்தமான 'ட்ட'.

1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், 1840இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். பள்ளி என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தார். தோட்டம் வெறும் உவமையும் அல்ல. குழந்தைக்கு ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாத்திகள் என்று மண்ணிலேயே வேலை நடந்தது.

தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! ஆசிரியைக்கு 'கிண்டர்கெர்ட்னரின்', அதாவது குழந்தைத் தோட்டக்காரி, என்று பெயர். ஆங்கிலத்தில் 'கிண்டர்கார்ட்னர்' என்பதும் 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியையைத்தான் குறித்தது. இன்று அமெரிக்காவில் அது அங்கே படிக்கும் குழந்தை. பழைய ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளைப் புரட்டும் முதுநிலை மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அந்த ஆசிரியைகளுக்குப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ஃபுரோபெல் 'கொடைகள்' என்று அழைத்த விளையாட்டுப் பொருள்களைக் கையாளும் முறையை. மூன்றாம் கொடை, மூடியுள்ள பெட்டிக்குள் இருக்கும், 8 சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியை உருவிவிட்டு, பெட்டியை மெல்ல மேலே தூக்க வேண்டும். முழு உரு கலையாமல் நிற்கும். குழந்தை முதலில் முழுமையைப் பார்க்கிறது, பிறகு பிரிக்கிறது, முடிவில் சேர்த்து வைக்கிறது. கட்டைகளைக் கொட்டிவிட்டால் மிஞ்சுவது குவியல்தான். பாதி, கால், அரைக்கால் என்ற கணக்கு அங்கேயே தொலைந்துபோகும். ஆனால் பின்வந்தவர்கள் இதையே சடங்காக்கி, 'இப்போது இதை எடு, அங்கே வை' என்று ஆணையிடத் தொடங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியில், கொடைகளை அப்படியே காக்க வேண்டும் என்ற கல்வியாளர் சூசன் புளோவும், தரையில் கட்டி விளையாடப் பெரிய கட்டைகளைக் கொண்டுவந்த பேட்டி ஸ்மித் ஹில்லும் மோதிக்கொண்டது இதனால்தான்.

தமிழுக்கு வருவோம். 'குழந்தைத் தோட்டம்' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் மழலையர் பள்ளி, இலங்கையில் முன்பள்ளி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாலர் பள்ளி. மொழிபெயர்ப்பில் நம் தேர்வு மழலையர் பள்ளி. மழலை என்பது திருந்தாத இளம்பேச்சு; வயதைச் சொல்லாமல் மொழியைக் கொண்டே குழந்தையை அடையாளம் காட்டுகிறது. ஃபுரோபெல் ஒதுக்கிய 'பள்ளி' இதில் புகுந்துகொண்டது உண்மைதான். ஆனால் பள்ளிக்குப் படுக்கை என்ற பழம்பொருளும் உண்டு (பள்ளியறை, பள்ளியெழுச்சி). மதியம் பாய் விரிக்கும் இடத்துக்கு அது அவ்வளவு பொருந்தாததும் இல்லை.

ஆசிரியராக விரும்புவோர் படிக்கும் படிப்பின் பெயரில் மட்டும் மழலையர் பள்ளியைப் போடக் கூடாது. அது நிறுவனத்தின் பெயர். துறைக்கு முன்பருவக் கல்வி என்பதே சரி. நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என இரண்டு ஆண்டுகள். அமெரிக்காவில் கிண்டர்கார்ட்டன் என்பது 5 வயதையொட்டிய ஒரே ஆண்டு. அந்நாட்டுச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் வயதையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.